இரண்டை அழுத்தவும்

ஜூன் 4

குட்டிக்கு,

என் எண்ணை உன் போனில் அடைத்து வைத்திருக்கிறாய். மெயில் போட்டால் பதில் இல்லை. கடைசியில் என்னைத் தபால்தலை ஒட்ட வைத்துவிட்டாய். பிரிக்காமலே கிழித்துப் போடுவதென்றால் போடு, ஆனால் கவருக்குள் இருப்பது சண்டை இல்லை.

நம் ஆபீஸ் ஓடுகிறது. 'நம்' என்று கை தானாக எழுதிவிட்டது. என் ஆபீஸ். பேக்கரிக்கு மேலே அதே மாடி அறைதான். ஜன்னலைத் திறந்தால் ரொட்டி வேகிற சூடு முகத்தில் அடிக்கிறது. இரண்டு மேஜை, இரண்டு நாற்காலி. உனக்கென்று வாங்கிய நாற்காலியின் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. திறப்பதற்கு முந்தின நாள் ஒற்றை வரி மெசேஜ் அனுப்பிவிட்டு, வேறு ஊரில் தொழிற்சாலைக் கணக்குப் பிரிவில் போய் உட்கார்ந்தவளின் நாற்காலி அல்லவா, அதுவும் கோபித்துக்கொண்டு அப்படியே கிடக்கிறது.

ஆன்லைனில் கணக்குப் பார்ப்பது நாம் நினைத்ததுபோல் இல்லை. ரசீதைப் போனில் படம் பிடித்து ஏற்றிவிடுகிறார்கள், பாதிப் படத்தில் அவர்களுடைய கட்டைவிரல்தான் தெரிகிறது. வீடியோவில் பேசினால் கேமராவை எங்கேயோ திருப்பி வைக்கிறார்கள். பல பேருடைய முகத்தைவிட அவர்கள் வீட்டு மின்விசிறியைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒருத்தி தனியாக உட்கார்ந்து தொழில் செய்கிறாள் என்று தெரிந்தால் யாரும் மதிப்பதில்லை. ரசீது கேட்டு நானே கெஞ்சினால், 'பாக்கலாம் மேடம்' என்கிறார்கள். அதனால் ஒரு தந்திரம் செய்தேன். உதவியாளர் ஒருத்தியை உண்டாக்கினேன். அவளுக்குத் தனி மெயில். ஆபீஸ் எண்ணைக் கூப்பிட்டால், 'ஆலோசனைக்கு ஒன்றை அழுத்தவும், ஆவணங்களுக்கு இரண்டை அழுத்தவும்' என்று வரும். ஒன்று என் போனுக்கு வருகிறது. இரண்டு எங்கும் போகாது. சொல்வதைப் பதிவு செய்துகொள்ளும், நான் கேட்டுவிட்டு உதவியாளராக மெயிலில் பதில் போடுவேன்.

அவள் எழுதுவது உன் பாணியில். 'நேரம் கிடைக்கும்போது' என்று தொடங்கி 'நாளைக்குள்' என்று முடிப்பாயே, அந்தப் பணிவான மிரட்டல். நன்றாக வேலை செய்கிறது. எல்லாரும் அவளைச் 'சின்ன மேடம்' என்கிறார்கள். என்னைவிட அவளிடம்தான் பயம்.

போன வாரம் கீழே பேக்கரிக்காரர் சின்ன மேடத்தோடு நேரில் பேசியே ஆகவேண்டும் என்று அடம் பிடித்தார். அவள் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறாள், தொண்டை கட்டிக்கொண்டு குரலே வரவில்லை என்று எழுதிச் சமாளித்தேன். பாவம், வெந்நீர் குடிக்கச் சொன்னார். உனக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா

ஜூன் 12

அக்காவுக்கு,

சிரிப்பு வரவில்லை. வந்தாலும் சத்தம் வராது. பதினைந்து நாளாக எனக்குக் குரல் இல்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, ஒருநாள் காலையில் எழுந்து பால்காரரிடம் பேச வாய் திறந்தால் வெறும் காற்று. டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, 'தொண்டை சுத்தமா இருக்கு, வேணும்னே பேசாம இருக்கீங்களா?' என்று கேட்டார். ஆபீசில் சீட்டு எழுதிக் காட்டிப் பிழைப்பு ஓடுகிறது. உன் எண்ணைத் திறந்து விட்டாலும் பேச முடியாது, அதனால்தான் இந்தக் காகிதம்.

ஒற்றை வரி மெசேஜ் என்று குத்திக்காட்டுகிறாய். நீ எனக்கு எத்தனை வரி எழுதினாய்? அறை பார்த்தது நீ, மேஜை போட்டது நீ. நாற்காலி வாங்கிவிட்டுத்தான் நான் வருகிறேனா என்று யோசித்தாய், அதையும் என்னிடம் கேட்கவில்லை. சின்ன வயதில் எனக்குப் பசிக்கிறதா என்று விருந்தாளிகள் கேட்டால் நீதான் 'அவளுக்குப் பசிக்கல' என்பாய். இப்போது நான் ஓடிவந்த பிறகும் என்னைப் பிடித்து வேலைக்கு வைத்திருக்கிறாய், சம்பளம் இல்லாமல். அதுவும் உதவியாளர். பங்குதாரராகக்கூட இல்லை.

அவளை வேலையை விட்டு அனுப்பு.

உன் தங்கை

ஜூன் 20

குட்டிக்கு,

உன் குரலுக்கு என்ன ஆயிற்று? வேறு டாக்டரைப் பார். ஊரெல்லாம் தூசு, அதனால்தான் இருக்கும்.

நீ சொன்னதில் நியாயம் இருக்கிறது. நாற்காலி விஷயத்தில் மட்டும். மற்றதற்கு நேரில் பதில் சொல்கிறேன். இப்போது நான் உன்னிடம் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். என்னைப் பயமுறுத்துவதற்காக என் வாடிக்கையாளர்களிடம் நீ பேசுகிறாயா?

போன வாரம் செவ்வாய்க்கிழமை பேக்கரிக்காரர், 'சின்ன மேடத்துக்குக் குரல் சரியாயிடுச்சு போல, நல்லா பேசினாங்க' என்றார். என்ன நம்பர் என்று கேட்டேன். 'ஆபீஸ் நம்பர்தான். ரெண்டை அழுத்தினேன், எடுத்தாங்க.' இரண்டில் எடுக்க ஆள் கிடையாது, குட்டி. அடுத்த நாள் பல் டாக்டரும் அதையே சொன்னார். மூன்றாவதாக டைல்ஸ் கடைக்காரர், 'அந்தப் பொண்ணு சிரிக்கறதுக்கு முன்னாடி மூக்கை உறிஞ்சுதே, சளி பிடிச்சிருக்கா?' என்றார்.

மூக்கை உறிஞ்சிவிட்டுச் சிரிப்பது நீ. இந்த ஊரில் அதை அறிந்தவள் நான் ஒருத்திதான், நான் யாரிடமும் சொன்னதில்லை. பதிவுகளைப் போட்டுக் கேட்டேன். வாடிக்கையாளர் பேசுகிறார், நிறுத்துகிறார், 'சரிம்மா' என்கிறார், மறுபடி நிறுத்துகிறார். நடுவே பதில் சொல்லும் குரல் பதிவாகவில்லை.

இது உன் விளையாட்டு என்றால் எனக்குக் கோபம் வராது. உண்மையாகவே வராது.

இந்தக் கலவரத்தில் பல் டாக்டரின் கணக்கு தள்ளிப் போய்விட்டது. அவர் குதித்தார். இந்தத் திங்கட்கிழமை அவருக்கு, சின்ன மேடத்துக்கு வலது கையில் அடிபட்டுவிட்டது, அதனால் தாமதம் என்று எழுதி வாயை அடைத்தேன். அவளை வேலையை விட்டு அனுப்பச் சொன்னது நினைவிருக்கிறது. இந்தக் காலாண்டு முடியட்டும், அனுப்பிவிடுகிறேன்.

அக்கா

ஜூலை 1

அக்கா,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

நீ சொன்ன அதே திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கணினியில் தட்டிக்கொண்டிருந்தபோது என் வலது மணிக்கட்டில் ஏதோ முறிந்ததுபோல் இருந்தது. விழவில்லை, இடிக்கவில்லை. கண் முன்னாலேயே வீங்கியது. பக்கத்து மேஜைக்காரி பயந்து எழுந்துவிட்டாள்.

நீ பல் டாக்டருக்கு எழுதியது எத்தனை மணிக்கு? தொண்டை கட்டியது என்று பேக்கரிக்காரருக்கு எழுதியது எந்தக் கிழமை? பார்த்துச் சொல். சொல்லவும் வேண்டாம், எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் யாருக்கும் போன் செய்யவில்லை. எதை வைத்துப் பேசுவேன்? ஆனால் மத்தியானம் மேஜையில் கண்ணயர்ந்தால் யாரோ ஒரு பல் டாக்டரோடு வாடகை ரசீது பற்றி வாதாடிக்கொண்டிருக்கிறேன். அவர் 'ஆகட்டும், ஆகட்டும்' என்று இரண்டு தடவை சொல்கிறார். விழித்ததும் களைப்பாக இருக்கிறது, நாள் முழுக்கப் பேசினதுபோல். அப்படி ஒருவர் இருக்கிறாரா?

எனக்கு மெயில் போடாதே, மெசேஜ் அனுப்பாதே. கணினியில் நீ தட்டுவது எது எங்கே போய்ச் சேர்கிறது என்று உனக்கே தெரியவில்லை. காகிதத்தில் மட்டும் எழுது. அவளைப் பற்றி இனி ஒரு பொய்கூட வேண்டாம்.

ஜூலை 8

என் குட்டிக்கு,

பல் டாக்டர் 'ஆகட்டும்' என்று இரண்டு தடவைதான் சொல்வார். மெயிலைத் திறந்து நேரம் பார்த்தேன். காலை பத்து.

உடனே அத்தனை பேருக்கும் எழுதிவிட்டேன். சின்ன மேடத்துக்குக் கை முழுக்கச் சரியாகிவிட்டது, தொண்டையும் சரியாகிவிட்டது என்று. இந்தக் கடிதம் வருவதற்குள் உன் கை ஆறியிருக்க வேண்டும். ஆறியிருந்தால் எனக்குச் சந்தோஷம், பயமும்தான்.

போன் ஏற்பாட்டிலிருந்து இரண்டை எடுத்தே விட்டேன். இப்போது எண்ணைக் கூப்பிட்டால் 'ஆலோசனைக்கு ஒன்றை அழுத்தவும்' என்பது மட்டும்தான் வரும். அப்படியும் மறுநாள் பேக்கரிக்காரர், 'காலையில ரெண்டை அழுத்தி சின்ன மேடத்துக்கிட்ட சொல்லிட்டேனே' என்கிறார். அவர் கிளம்பியதும் கதவைச் சாத்திவிட்டு என் செல்போனிலிருந்து ஆபீஸ் எண்ணைக் கூப்பிட்டு இரண்டை அழுத்தினேன். வெளியே பட்டப்பகல், தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். மறுமுனையில் எடுத்தார்கள். பேசவில்லை. பிளாஸ்டிக் உறை போட்ட நாற்காலியில் ஆள் நகர்ந்தால் ஒரு சத்தம் வருமே, அது கேட்டது. போனிலும் கேட்டது, எனக்குப் பின்னாலும் கேட்டது.

திரும்பிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. போனை வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்ப் பேக்கரியில் உட்கார்ந்தேன்.

ஒரேயடியாக எல்லாருக்கும் உண்மையை எழுதிவிடலாமா என்று நினைத்தேன். அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்று. 'இல்லவே இல்லை' என்று தட்டியதும் அழித்துவிட்டேன். உனக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அக்கா

ஜூலை 15

அக்காவுக்கு,

கை ஆறிவிட்டது, பார், வலது கைதான் எழுதுகிறது. குரல் மட்டும் காற்றும் சத்தமுமாக அரைகுறையாக வருகிறது. அங்கே அது பேசிக்கொண்டிருக்கும்வரை இங்கே முழுசாக வராது போல.

'இல்லவே இல்லை' என்று மட்டும் எழுதிவிடாதே, உன் காலில் விழுகிறேன்.

நான் ஏன் வரவில்லை என்று சொல்கிறேன், இதையும் சொல்லாமல் வைத்திருப்பதில் அர்த்தமில்லை. திறப்பதற்கு முந்தின நாள் நான் வந்தேன். படியேறி வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீ என் நாற்காலியை அங்கும் இங்கும் தள்ளி, உட்கார்ந்து பார்த்து, வெளிச்சம் கண்ணில் படுகிறதா என்று திரையைச் சரி செய்துகொண்டிருந்தாய். அவ்வளவு பிரியமாகச் செய்தாய். எனக்கு மூச்சு முட்டியது. அங்கே உட்கார்ந்தால் ஆயுசு முழுக்க எனக்குப் பசிக்கிறதா இல்லையா என்று நீதான் சொல்வாய் என்று பட்டது. உன்மேல் வெறுப்பில்லை. நான் இல்லாமல் உன்னால் முடியாது என்று ஒருமுறை, ஒரே ஒருமுறை, கேட்டிருந்தால் உறையைப் பிரித்து உட்கார்ந்திருப்பேன்.

இன்னொரு விஷயம். நேற்றிலிருந்து ஆபீஸ் வாசலில் வருகைப்பதிவு மெஷின் என் விரலை ஏற்கவில்லை. கழுவி வைத்தேன், அடுத்த விரலை வைத்தேன், 'இந்த நபர் பதிவில் இல்லை' என்கிறது. காவலாளி தினமும் வணக்கம் சொல்கிறவர், எந்த கம்பெனி, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். உள்ளே போனால் பக்கத்து மேஜைக்காரி தன் பையை என் நாற்காலியில் வைத்தாள். நான் அதில் உட்கார்ந்திருந்தேன். மடியில் வைத்தாள், அக்கா. பாரம் தெரிந்தது. அவளுக்கு நான் தெரியவில்லை.

குளிர்கிறது. நீ என்ன எழுதினாய்?

ஜூலை 19

குட்டி,

நான் எழுதவில்லை. டைல்ஸ் கடைக்காரர் எழுதினார்.

அவர் வரித் தாக்கலைக் கோட்டைவிட்டவர். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி வரி அலுவலகத்துக்கு மனு போட்டிருக்கிறார், என்னைக் கேட்காமல். 'எனது கணக்குகளைக் கவனித்து வந்த உதவியாளர் காலமாகிவிட்டபடியால்' என்று. கூப்பிட்டுக் கத்தினேன். 'ஏன் மேடம் டென்ஷன் ஆகறீங்க, எல்லாரும் எழுதறதுதான். போன தடவை எங்க மாமனாரை எழுதினேன், மனுஷன் இன்னும் கல்லு மாதிரி இருக்காரு' என்கிறார். அவருடைய மாமனாருக்கு இரண்டாவது நாற்காலி கிடையாது என்று நான் எப்படி அவருக்குப் புரிய வைப்பேன்?

மனுவோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனு உண்மை மாதிரி இருக்க வேண்டுமென்று வியாபாரிகள் குரூப்பில் இரங்கல் செய்தி போட்டுவிட்டார். என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அந்த குரூப்தான். பேக்கரிக்காரர் முழங்கால் வலியோடு மாடியேறி வந்து, உன் நாற்காலியைப் பார்த்துக் கண் கலங்கினார். அவள் உயிரோடு இருக்கிறாள் என்று அத்தனை பேருக்கும் மெயில் போட்டேன். யாரும் நம்பவில்லை. 'மனசைத் தேத்திக்கோங்க மேடம், ஆரம்பத்துல அப்படித்தான் தோணும்' என்று ஆறுதல் சொல்கிறார்கள். யாரும் இப்போது இரண்டை அழுத்துவதில்லை. செத்தவளை யார் கூப்பிடுவார்கள்?

நேற்று உன் கடிதம் வந்தது. மடியில் பை வைத்த இடத்தைப் படித்த பிறகு எனக்கு யோசிக்க ஒன்றும் இல்லை.

உயிரோடு இருக்கிறாள் என்றால் நம்பமாட்டார்கள், இல்லவே இல்லை என்றால் நீ போய்விடுவாய். மிச்சம் இருப்பது ஒன்றுதான், அது உண்மையும்கூட. இதைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்து எல்லாருக்கும், வரி அலுவலகத்துக்கும் சேர்த்து எழுதப் போகிறேன்: 'உதவியாளர் என்று நீங்கள் அறிந்தவர் நான்தான். அந்தக் கடிதங்களை எல்லாம் எழுதியது நான். சின்ன மேடம் என்று நீங்கள் அழைத்தது என்னைத்தான்.' அவளுக்கு என்ன நேர்ந்ததாகச் சொன்னார்களோ அது என்மேல் வந்து விழட்டும். நான் உருவாக்கியது, என்னிடமே வரட்டும்.

உன்னைக் கேட்காமல் இதையும் நானே முடிவு செய்கிறேன். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்.

கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். நீ இல்லாமல் என்னால் முடியவில்லை, குட்டி. முதல் நாளிலிருந்தே முடியவில்லை. வருகிறாயா?

அக்கா

ஜூலை 27

அக்கா,

இதை நம் அறையிலிருந்து எழுதுகிறேன். சாயங்காலம் கொண்டுவந்து உன் தலையணை பக்கத்தில் வைப்பேன். நர்ஸ் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

உன் கடிதம் கைக்கு வருவதற்கு முன்பே எனக்கு எல்லாம் திரும்பிவிட்டது. காவலாளி வணக்கம் சொன்னார். பக்கத்து மேஜைக்காரி, 'எங்க போயிருந்த அஞ்சு நாளா?' என்றாள். வாயைத் திறந்தேன், முதலில் வந்த வார்த்தை 'அக்கா'. அப்போதே புரிந்துவிட்டது, நீ ஏதோ செய்துவிட்டாய் என்று. கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்தேன். உன் கடிதம் திருப்பி அனுப்பப்பட்டுப் பின்னால்தான் இங்கே என் கைக்கு வந்தது.

பேக்கரிக்காரர்தான் உன்னைப் பார்த்திருக்கிறார். கணினி முன்னால் உட்கார்ந்தபடியே இருந்தாயாம், கை விசைப்பலகை மேலேயே. டாக்டர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மூச்சு இருக்கிறது, நாடி இருக்கிறது, கண் திறக்கவில்லை, குரல் இல்லை. 'எல்லாம் சுத்தமா இருக்கு' என்கிறார்கள். அந்த வாக்கியத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

நீ மட்டும்தான் எழுதுவாயா? நானும் எழுதுவேன். நாற்காலியின் உறையை உரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். எல்லாருக்கும் மெயில் போட்டேன்: 'மேடம் நன்றாகத் தேறி வருகிறார். திங்கட்கிழமை முதல் வழக்கம்போல் பேசுவார். விட்டுப்போன ரசீதுகளை நேரம் கிடைக்கும்போது, நாளைக்குள் அனுப்பவும்.' கீழே 'பங்குதாரர்' என்று போட்டுக்கொண்டேன். உன்னைக் கேட்கவில்லை. எழுந்து வந்து சண்டை போடு.

டைல்ஸ் கடைக்காரரை நேரில் போய்ப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். நான் மூக்கை உறிஞ்சினேன் போலிருக்கிறது. 'எங்க அக்கா நல்லா இருக்காங்கன்னு குரூப்ல போடுங்க. ஒருத்தர் விடாம எல்லாரும் பதில் போடணும்' என்றேன். அங்கேயே போனை எடுத்துப் போட்டார்.

அதெல்லாம் முந்தாநாள். இன்று காலை பேக்கரிக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தார். 'மேடம் வீட்டுக்கு வந்துட்டாங்களா? ஒன்னை அழுத்தினேன், அவங்களே எடுத்தாங்க.' உன் போன் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்து இழுப்பறையில், அணைத்து வைத்தபடி இருக்கிறது. நான்தான் அணைத்தேன். நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: 'கொஞ்சம் தூரத்துல இருக்கேன், வழி தெரியுது, வந்துக்கிட்டிருக்கேன்னு சொன்னாங்க. தங்கச்சியைப் போயிடாம இருக்கச் சொல்லுங்கன்னாங்க.'

அவர் இறங்கிப் போனதும் என் போனிலிருந்து கூப்பிட்டேன். வரவேற்புக் குரல் முடிவதற்குள் ஒன்றை அழுத்தினேன். எடுத்தாய். நீ பேசவில்லை. யோசிக்கும்போது பேனாவால் மேஜையைத் தட்டுவாயே, அந்தச் சத்தம் கேட்டது. போனிலும் கேட்டது, எதிரே காலியாக இருக்கிற உன் மேஜையிலும் கேட்டது. நான் உன்னைப்போல் படியிறங்கி ஓடவில்லை. நாற்காலியை உன் மேஜைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

இருக்கிறேன், அக்கா. நீ மெதுவாக வா.

குட்டி